எந்த வடிவில் வந்தாலும்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று காலை கண் விழித்ததும் நான் செய்த முதல் காரியம், உன் எண்ணைப் போனிலிருந்து அழித்தது. பல் விளக்கியது அதற்கப்புறம்தான்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன். கேட்டாலும் நீ உண்மையைச் சொல்லப் போவதில்லை. அண்ணி சௌக்கியமா என்று மட்டும் கேட்கிறேன். நான் நலம். கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஊருக்கு வந்த இடத்தில், நீ வேலை செய்கிற கட்டடத்துக்கு உன்னைப் பார்க்க ஆசையாக வந்தேன். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதன் எட்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருந்தால், பார்க்கிற தங்கை சிகரெட்டை வாயிலிருந்து பிடுங்கித்தான் எறிவாள். உன்னிடம் வேலை பார்க்கும் இருவர் எதிரில் அதைச் செய்திருக்க வேண்டாம் என்று அண்ணி சொன்னார்கள். நீ என்ன சொன்னாய்? "டீச்சர் வேலையை உன் காலேஜ்ல வச்சுக்க. கீழ இறங்கிப் போ." லிஃப்ட் ஓடவில்லை. எட்டு மாடியும் நடந்தே இறங்கினேன். படிக்கு ஒரு வசவு என்று உன்னைத் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். கடிதத்தில் அந்த வசதி இருவருக்கும் இல்லை. இனி எழுதுவோம்.

நெஞ்சு நோய் வார்டில் பதினோரு வருடம் நின்றவள் நான். ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டு, "சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சியவர்களில் பாதிப் பேர் உன் வயதுக்காரர்கள். நாளை இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவிகளுக்கு நிகோடின் பாடம் ஆரம்பிக்கிறேன். நாற்பது பேர். உன்னை மனதில் வைத்துக்கொண்டுதான் நடத்தப் போகிறேன்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை

*

ஜனவரி 17

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நானும் அண்ணியும் சுகம். உன் கடிதத்தைப் பிரித்ததும் முகத்தில் அனல் அடித்தது. அண்ணி அடுத்த அறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

லிஃப்டில் ஒரு ஆள் கூடுதலாக ஏறினால் கீ என்று ஒரு மணி அடிக்கும், கவனித்திருப்பாய். அந்த ஆள் இறங்குகிறவரை அது ஓயாது. சின்ன வயசிலிருந்து நீ அந்த மணிதான். என்னோடு வேலை பார்க்கிற இருவரும் உனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "அண்ணே, ஓவர்லோட் இந்த வாரம் வருதா? முன்னாடியே சொல்லிடுங்க, பாக்கெட்டை எங்கயாவது ஒளிச்சு வைக்கணும்" என்கிறார்கள்.

உன்னை இறங்கிப் போகச் சொன்னது தப்பு. எட்டு மாடி என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது நானும் மாடிகளை எண்ண ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடியில் நின்று ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தேன். தெருவில் ஒன்றுமில்லை. வயசாகிறது, வேறென்ன.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எனக்கு இல்லை, ஒரு நண்பனுக்கு. சிகரெட்டை விடுவதற்கு நிகோடின் பேட்ச் என்று ஒன்று வருகிறதாமே, பிளாஸ்டர் மாதிரி தோளில் ஒட்டிக்கொள்வது. மருந்துக்கடையில் பார்த்திருக்கிறான். அது நல்லதுதானா? உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பாடம் எப்படிப் போனது? தொண்டையைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜனவரி 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நலமே. அண்ணியின் சிரிப்புக்கு என் கண்டனத்தைத் தெரிவித்துவிடு.

பாடம் நன்றாகவே போனது. ஆளுக்கொரு ஸ்ட்ரா கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அது வழியாக மட்டும் மூச்சு விட்டபடி இரண்டு மாடி ஏறச் சொன்னேன். பாதிப் படியில் ஸ்ட்ராவைத் துப்பிவிட்டு உட்கார்ந்தவர்கள் பதினாறு பேர். "உங்களால துப்ப முடிஞ்சுது. என் வார்டுல இருந்தவங்களால துப்ப முடியல" என்றேன். அப்புறம் கண்ணாடி ஜாடியில் இருக்கும் நுரையீரலைக் காட்டினேன். ஒருத்தி அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் பெஞ்சு என்று ஒரு பெண் இருக்கிறாள். எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் இருமினால் அதையும் நோட்டில் எழுதிக்கொள்வாள் என்று கேலி செய்வார்கள். அவளைப் போல நாலு பேர் இருந்தால் எனக்கு ஆயுள் கூடும்.

கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே பெட்டிக்கடை. அவன் சிகரெட்டை ஒவ்வொன்றாக விற்கிறான். நான் சாலையைக் கடந்து போனால் பலகையை இழுத்து மூடிக்கொள்கிறான். வாரத்துக்கு மூன்று முறை போகிறேன்.

உன் நண்பனுக்குப் பதில்: நஞ்சை வாயால் இழுக்காமல் தோலால் இழுப்பதில் என்ன பெருமை? நிகோடின் எந்த வடிவில் வந்தாலும் நிகோடின்தான். மனவுறுதி உள்ளவன் இன்றைக்கே விடுவான். இல்லாதவன் மருந்துக்கடையில் சாக்குத் தேடுவான். இதை அப்படியே அவனிடம் சொல்.

நீ மூன்றாவது மாடியில் தெருவைப் பார்த்ததைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

உன் தங்கை

*

பிப்ரவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நண்பனிடம் உன் பதிலை ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டினேன். மருந்துக்கடைக்குப் போவதாக இருந்தான், போகவில்லை. மனவுறுதியை எங்கே வைத்தேன் என்று தேடிப் பார்க்கிறேன் என்றான்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்

*

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிப்ரவரியில் நீ எழுதியது ஒரு கடிதமா? தந்தியே அதைவிட நீளமாக இருந்திருக்கும். உடம்பு நன்றாக இருக்கிறதா? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. முதல் பெஞ்சு என்ன செய்திருக்கிறாள் தெரியுமா?

அறுவை சிகிச்சை வார்டில் ஒரு தையல்காரர். நாற்பது வருடப் புகை. காலில் ரத்தம் ஓடாமல் இரண்டு விரல் கறுத்துவிட்டது. ரத்தக்குழாயைச் சரிசெய்ய நாள் குறித்திருந்தார்கள், அதுவரை புகையே கூடாது. தவிப்பு அடங்குவதற்காகத் தினமும் காலை ஆறு மணிக்கு வார்டு நர்ஸ் அவர் தோளில் பேட்ச் ஒட்டுவாள். ஏழு மணிக்கு உடம்பு துடைத்துவிடுவது மாணவிகள் வேலை. இவள் துடைக்கும்போது அதை உரித்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். உரிப்பதற்கு முன்னால் யாரையும் கேட்கவில்லை. எங்கும் எழுதிவைக்கவுமில்லை.

மூன்றாம் நாள் அந்த மனிதர் தவிப்புத் தாங்காமல், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கம்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போயிருக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான் சிகரெட் கொடுத்திருக்கிறான். நாலு இழுப்பில் தலை சுற்றிப் படியில் உருண்டுவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. காலுக்கான அறுவை தள்ளிப்போய்விட்டது. இனி எத்தனை விரல் மிஞ்சும் என்று யாரும் சொல்லத் தயாரில்லை.

முதல்வர் விசாரணைக் குழு அமைத்திருக்கிறார். வகுப்பாசிரியர் என்ற முறையில் நானும் அதில் இருக்கிறேன். அவளைக் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும் என்கிறார்கள். மருந்துச்சீட்டில் எழுதியிருப்பதை மாற்ற மாணவிக்கு உரிமை கிடையாது. இது முதல் வருடப் பாடம். நான் ஒரு வார்த்தைகூட அவளுக்காகப் பேசவில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை

*

மார்ச் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் தையல்காரர் பக்கம். மூன்று நாள் ஒரு மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறான். அப்படித் தவிக்கிறவன் கண்ணுக்குப் படி தெரியாது.

அந்தப் பெண் பக்கமும் கொஞ்சம் இருக்கிறேன். எங்கள் வேலையில் ஒருவன் தப்பான கம்பியை அறுத்தால், "ஏன்டா அறுத்த?" என்று முதலில் கேட்க மாட்டோம். "அறுக்கச் சொல்லி யாருடா காட்டிக் கொடுத்தது?" என்றுதான் கேட்போம். நோட்டில் இருமலைக்கூட எழுதுகிற பெண் சொந்தமாக எதையும் செய்ய மாட்டாள். பேட்ச் விஷம் என்று அவளுக்கு யார் சொன்னது?

சும்மா கேட்டேன். எழுது.

அண்ணன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்குக் காரணம் விசாரணை, தேர்வு, இன்னும் ஆயிரம்.

லிஃப்டும் மனித உடம்பும் ஒன்றில்லை. அறுந்த கம்பியை நீ மாற்றிவிடலாம். தெரியாத தொழிலில் நீதி சொல்ல வராதே.

நீ கேட்டதால் எழுதுகிறேன். குழுவில் முதல்வர் அவளிடம் அதையேதான் கேட்டார். "யாரும்மா உனக்கு அப்படிச் சொன்னது?" "யாரும் இல்ல மேடம். நானாத்தான் நெனச்சேன்" என்றாள். அவள் வாயால் சொன்னது. அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. அவளுடைய நோட்டை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். முடிவான கூட்டம் மே மாதம்.

அவள் அம்மா வந்து கல்லூரி வராந்தாவில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். வேறு வழியாக வகுப்புக்குப் போனேன்.

உன் நண்பன் சிகரெட்டை விட்டானா?

உன் தங்கை

*

ஏப்ரல் 29

அண்ணாவுக்கு,

நீ சுகமா என்று கேட்கிற ஆரம்ப வரிக்குக்கூட எனக்குப் பொறுமை இல்லை. நாலு வாரம் ஆயிற்று. ஒரு வரி இல்லை. நான் எழுதியது சுட்டிருந்தால் திருப்பித் திட்டு. பேசாமல் இருக்காதே. எட்டாவது மாடியில் நின்றுகொண்டு என்னை இறங்கிப் போகச் சொன்ன அதே திமிர் இது.

உன் எண்ணை அழித்தேனே தவிர மறந்தா போய்விடும்? நேற்று அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

தங்கை

*

மே 7

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் நலம். நீ நலமாயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் நினைப்பு முழுக்க அப்படி இல்லை. எழுத வேண்டாம் என்று உன் அண்ணன் சொன்னார். எழுதுகிறேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட இருந்த இருவரும் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். மாரடைப்பு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில் இருக்கிறார், நடக்கிறார், பயமில்லை என்கிறார்கள்.

வலி ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டது. எனக்கும் மார்ச்சில்தான் தெரியும். உன்னிடம் சொல்லலாம், நீ நர்சு, உனக்குத் தெரியும் என்றேன். "அவகிட்ட மட்டும் வேணாம். வலியைத் தாங்கிடுவேன். 'நான் அப்பவே சொன்னேன்'கிறதை என்னால தாங்க முடியாது" என்றார். இதைச் சொன்ன மனிதர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நண்பன் என்று யாரும் கிடையாது. மருந்துக்கடை வரைக்கும் நானும் கூடப் போனேன். உன் பதில் வரட்டும் என்று திரும்பி வந்தோம். பதில் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்கள். பையில் சிகரெட் பாக்கெட்டும் நீ பதில் எழுதிய அந்த ஜனவரிக் கடிதமும் இருந்தன. இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

உன் மேல் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

மே 14

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதிவிட்டதாகச் சொன்னாள். தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்துதான் சொன்னாள், கெட்டிக்காரி. நான் சுகம். இந்த முறை நிஜமான சுகம், டாக்டர் கையெழுத்துப் போட்டது.

கிளம்பி வந்துவிடாதே. வந்து வாசலில் அழுதால் எனக்குத் திரும்ப நெஞ்சு வலிக்கும். எழுது, போதும்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன நர்ஸ் இருந்தாள். உன் மாணவி வயசுதான் இருக்கும். நாலாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எத்தனை வருஷமா சிகரெட் குடிக்கிறீங்க?" என்று கேட்பாள், நானும் பொய் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு. "சார், காலையில கண்ணு முழிச்சா எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பொண்டாட்டிகூட இதைக் கேட்டதில்லை. "அஞ்சு நிமிஷம். சில நாள் செருப்பு போடறதுக்கு முன்னாடி" என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் பார், அதற்கு அவள் மூஞ்சியைச் சுளிக்கவில்லை. அஞ்சு நிமிஷமென்றால் உடம்புக்குத் தேவை ரொம்ப அதிகம், வெறும் மனவுறுதியை மட்டும் நம்பினால் கஷ்டம், டாக்டரைக் கேட்கிறேன் என்றாள். கேட்டு, பேட்ச் ஒட்டினாள். பழசை எடுத்துவிட்டுத்தான் புதுசு, தினமும் வேறு இடம், எது எப்போது என்று எனக்கே சொல்லிக் கொடுத்தாள்.

முப்பத்தைந்து நாள் ஆகிறது. நடுவில் ஒன்று இழுத்தேன். அதையும் அவளிடம் போனில் சொன்னேன். "பரவால்ல சார், நாளைக்கு என்ன பண்ணலாம்?" என்றாள். உன்னிடம் என்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த முதல் பெஞ்சு என்ன ஆனாள்?

அண்ணன்

*

மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய். நலமா என்ற கேள்வியை இனி இப்படித்தான் எழுதுவேன்.

உன் மேல் கோபம் தீரவில்லை. மூன்று மாதம் நெஞ்சு வலியோடு மாடி ஏறியவன் நீ. அண்ணியின் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அவர்கள் மேலும் அவ்வளவு கோபம். பெட்டிக்கடைக்காரன் மேல் கோபம். உன் சின்ன நர்ஸ் மேல்கூடக் கோபம். நாற்காலியை இழுத்துப் போட அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினோரு வருடம் நின்றுகொண்டேதான் கேட்டேன். கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் கோபம் என்று அவள் என்னைக் கேட்டால், நானும் ஐந்து என்றுதான் சொல்ல வேண்டும்.

நண்பனுக்கு என்று நீ எழுதியபோதே அது நீதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிப் பதில் எழுதினேன். உறைக்கட்டும் என்று எழுதினேன்.

பாடப்புத்தகத்தில் அந்தச் சின்ன நர்ஸ் கேட்ட கேள்வி இருக்கிறது. பேட்ச் பற்றியும் இருக்கிறது. பாடத்தின் கடைசியில் அரைப் பக்கம். ஒவ்வொரு வருடமும் நேரமில்லை என்று அதை விட்டுவிடுவேன். நேரம் இருந்தது, அண்ணா. விடுகிறவர்களுக்கு உதவுவது அவர்களுக்குச் சலுகை கொடுப்பதுபோல எனக்குப் பட்டது. ஜாடியைக் காட்ட ஒரு மணி நேரம், அரைப் பக்கத்துக்கு நேரமில்லை.

மார்ச்சில் நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில். "நானாத்தான் நெனச்சேன்" என்று சொல்வதற்கு முன்னால் அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நான் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் அவள் அப்படிச் சொன்னாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் நான் சொல்லி எழுதியவர்கள்தான். ஒருத்தி வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு என்னிடம் பயம். நான் வளர்த்த பயம்.

நோட்டில் ஒன்றுமில்லை என்று உனக்கு எழுதினேன், குழுவிடமும் சொன்னேன். இரண்டு மாதமாக அது என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அதை எடுத்தேன். ஜனவரி ஏழு என்று தேதி போட்டு, அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறாள்: "நிகோடின் எந்த வடிவில் வந்தாலும் நஞ்சு. நோயாளியின் உடம்பில் அதை ஒரு நிமிடம்கூட விடக்கூடாது." பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். "மிக நன்று." கீழே என் கையெழுத்து.

நேற்று மாலை வார்டுக்குப் போனேன். தையல்காரருக்குக் காலில் மூன்று விரல் போய்விட்டது. நின்றேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அந்தப் பொண்ணு எங்க சிஸ்டர்? நல்லா தொடச்சு விடும்" என்றார். பேட்சை உரித்தது அவள்தான் என்று தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். எடுக்கறப்ப, 'இது உங்களுக்கு விஷம் தாத்தா'ன்னு சொல்லித்தான் எடுத்துச்சு. படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்." அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

நாளை பத்து மணிக்கு முடிவான கூட்டம், முதல் பெஞ்சையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவளை நீக்குகிற தாளைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருக்கிறார்கள். ஐந்து கையெழுத்தில் ஒன்று என்னுடையது, அதற்கான இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறார்கள். நோட்டு இப்போது என் கைப்பையில் இருக்கிறது. முதல்வருக்குத் தெரியாது. அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தையும் கூட்டம் முடிந்து வந்துதான் தபாலில் போடுவேன். ஆகவே இந்த நிமிடம் உனக்கும் தெரியாது. கையெழுத்துப் போட என் முறை வரும்போது நோட்டைப் பிரித்து, அந்தப் பக்கத்தை முதல்வர் பக்கமாகத் திருப்பி வைத்து, அவள் என்னைப் பார்த்தது போலவே நானும் அவளைப் பார்க்கப் போகிறேன். அதற்கப்புறம் நான்தான் முதலில் பேசுவேன்.

பேட்சை நாளைக்கு வேறு இடத்தில் ஒட்டிக்கொள்.

உன் தங்கை